விலங்கின் இதயமும் மனிதனின் கடமையும்

மனிதன் தன் இதயத்தைப் பற்றி அறிந்தவற்றுள் பெரும் பகுதியை விலங்குகளிடமே கற்றான். மருத்துவ வரலாறு இவ்வுண்மையை மறைத்ததில்லை. ஆயினும், கற்பித்த விலங்குக்கே இதய நோய் வருமாயின் அதனையும் ஒரு நோயாளியாகக் கொண்டு மருத்துவம் செய்யவேண்டும் என்னும் எண்ணம் எப்போது வலுப்பெற்றது, அதனால் விளைந்த பயன் யாது என்பது பலரும் அறியாத வரலாறாகவே உள்ளது. நாய், பூனை முதலிய வளர்ப்பு விலங்குகளின் இதய நோய்க்கென்று மருத்துவத்தில் தனித்துறை ஒன்று உருப்பெற்றது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான்.

கருவியாக நின்ற காலம்

1628-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹார்வி, குருதி உடலெங்கும் சுற்றி வருகிறது என்பதை நூல் எழுதி நிலைநாட்டினார். தவளை, பாம்பு, சிறு மீன் போன்றவற்றின் இதயம் மெல்லத் துடிப்பதால், அதன் இயக்கத்தைப் படிப்படியாகக் காண அவரால் இயன்றது.

அவருக்குப் பின் வந்த ஸ்டீபன் ஹேல்ஸ் இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரின் சமயகுரு. ஆராய்ச்சியில் பேரார்வம் கொண்டவர். வேலைக்கு உதவாதென்று கொல்லப்படவிருந்த பெண் குதிரை ஒன்றைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். குருதி 8 அடி 3 அங்குல உயரம் ஏறி நின்றது. குருதி அழுத்தம் அளக்கப்பட்ட வரலாறு இச்சோதனையோடு தொடங்குகிறது. இதன் விவரத்தை அவர் 1733-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அக்குதிரையோ சோதனையிலேயே உயிர் நீத்தது.

இதயத்தின் மின்னோட்ட ஆராய்ச்சியிலும் விலங்குக்குப் பங்குண்டு. 1887-ஆம் ஆண்டில் அகஸ்டஸ் வாலர் என்பார், மனித இதயத்தின் மின்னோட்டத்தை உடலைத் திறவாமலே முதன்முதலாகப் பதிவு செய்தார். அவர் தம் சோதனையைப் பிறர்க்கு விளக்கிக் காட்டப் பயன்படுத்தியது ஜிம்மி என்ற தம் வளர்ப்பு நாயை. ஜிம்மி தன் கால்களை உப்பு நீர்க் கலங்களில் வைத்துக்கொண்டு அமைதியாக நிற்கும். அதன் இதயத் துடிப்பு கருவியில் தெரியும். 1909-ஆம் ஆண்டில் இராயல் சங்கத்தில் இக்காட்சி நடைபெற்றபோது, நாய் வதைக்கப்படுவதாகப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. நாய் நின்றது சிறிது உப்புக் கலந்த நீரிலேதான் என்று அமைச்சர் விடையளித்தார்.

எல்லா விலங்குக்கும் ஜிம்மியின் நற்பேறு வாய்க்கவில்லை. 1944 நவம்பர் 29-ஆம் நாள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், பிறவி இதயக் குறையால் உடல் நீலம் பாய்ந்த குழந்தைக்கு ஆல்பிரட் பிளாலாக் அறுவை மருத்துவம் செய்தார். அம்முறையைப் பல நாய்களிடம் செய்து செய்து செம்மைப்படுத்தியவர் அவருடைய உதவியாளர் விவியன் தாமஸ். அச்சோதனைகளில் பிழைத்து வாழ்ந்த அன்னா என்ற நாயின் உருவப்படம் அந்நிறுவனத்தில் மாட்டப்பட்டது. அறிவியல் தன் நன்றியை ஒரு படத்தால் தெரிவித்துக்கொண்டது எனலாம்.

நோயாளியாக ஏற்ற காலம்

1762-ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரில் கால்நடை மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. அக்காலத்துப் பள்ளிகளின் நோக்கம் உழவுக்கும் போருக்கும் போக்குவரத்துக்கும் உதவும் மாட்டையும் குதிரையையும் காப்பதே. மோட்டார் வண்டி வந்து குதிரையின் இடத்தைப் பிடித்த பின்னரே கால்நடை மருத்துவர்களின் கவனம் வீட்டு நாயின்பாலும் பூனையின்பாலும் பெரிதும் திரும்பியது.

விலங்குகளின் இதய மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டெட்வைலர். அவரும் டொனால்டு பாட்டர்சனும் மருத்துவம் நாடி வந்த பல்லாயிரம் நாய்களின் இதயத்தைச் சோதித்து, அவற்றின் இதய நோய் வகைகளை 1965-ஆம் ஆண்டில் கணக்கிட்டு வெளியிட்டனர். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் புக்கானன், 1967-ஆம் ஆண்டில் இதயத் துடிப்பு தடைப்பட்ட ஒரு நாய்க்குத் துடிப்பூட்டும் மின்கருவியைப் பொருத்தினார். மனிதனின் உடலுக்குள் அக்கருவி முதன்முதலாகப் பொருத்தப்பட்டது 1958-ஆம் ஆண்டில். 9 ஆண்டுகளுக்குள் அப்பயன் நாயையும் எட்டியது. பிற்காலத்தில், மறைந்த மனிதர்களின் உடலினின்று எடுக்கப்பட்ட கருவிகளும் தூய்மை செய்யப்பட்டு நாய்களுக்குப் பொருத்தப்பட்டன.

வாயில்லா நோயாளி

மனிதனைப் பெரிதும் வாட்டும் மாரடைப்பு நாய்க்கு அரிதாகவே வருகிறது. நாயின் இதய நோய்களுள் ஏறத்தாழ 4-இல் 3 பங்கு, இடப்புற வால்வின் இதழ்கள் முதுமையில் தடித்துச் சுருங்குவதால் வருவது. இதழ்கள் சரியாக மூடாதபோது குருதி பின்னோக்கிக் கசிகிறது. இதயம் பெருக்கிறது, பின்னர் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுகிறது.

நாய் தன் துன்பத்தை எடுத்துரைக்க இயலாது. ஆதலின் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பின் வழியே வரும் முரல் ஒலியைக் கேட்கிறார். எக்ஸ்-ரே படத்தில் இதயத்தின் அளவை முதுகெலும்புக் கணுக்களோடு ஒப்பிட்டு அளக்கிறார். கேளா ஒலி அலைகளைச் செலுத்தி வால்வின் அசைவைத் திரையில் காண்கிறார். வளர்ப்பவருக்கும் ஒரு வேலை உண்டு. நாய் அயர்ந்து உறங்கும்போது மூச்சை எண்ணவேண்டும். நிமிடத்துக்கு 30-க்கு மேல் அடிக்கடி வருமாயின் மருத்துவரிடம் காலம் தாழ்த்தாது செல்லவேண்டும். கருவி எதுவும் வேண்டாத இந்த எளிய கணக்கு பல உயிர்களைக் காத்திருக்கிறது.

நோயின் மூலம்

விலங்கை நோயாளியாக ஏற்றபின் மருத்துவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். சில நோய்களின் மூலம் மனிதனின் கையிலேயே இருந்தது.

பூனைகளுக்கு இதயத் தசை நலிந்து, இதயம் பருத்து, விரைவில் உயிரிழக்கும் நோய் ஒன்று இருந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான், மார்க் கிட்டில்சன் முதலியோர் அந்நோயுற்ற பூனைகளின் குருதியில் டாரின் என்னும் சத்து மிகக் குறைந்திருப்பதைக் கண்டு, 1987 ஆகஸ்டில் வெளியிட்டனர். எருதின் பித்தநீரிலிருந்து 1827-ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டதால், எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் பெயர் பெற்றது அச்சத்து. இறைச்சியில் அஃது உண்டு. பூனையின் உடலால் வேண்டிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாது. முழுமையான உணவென்று நம்பி வாங்கப்பட்ட ஆலைத் தீனியிலேயே அக்குறை இருந்தது. டாரினை ஊட்டியதும் நலிந்த இதயங்கள் தேறின. தீனியில் அதன் அளவு கூட்டப்பட்டபின் அந்நோய் அரிதாயிற்று.

உணவில் நேர்ந்த குறையை நீக்குவது எளிது. பிறப்பில் புகுத்திய குறையை நீக்குவது அரிது. பிறவி இதயக் குறை கலப்பின நாய்களைவிடத் தூய இன நாய்களிடம் மிகுதி என்பதைப் பாட்டர்சன் 1968-ஆம் ஆண்டில் காட்டினார். கவேலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்னும் இனத்தில், 10 வயதை எட்டும் நாய்களுள் பெரும்பாலானவற்றுக்கு வால்வு நோய் காணப்படுகிறது. அழகிய முகமும் சிற்றுருவமும் வேண்டி நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்வித்தவன் மனிதன். டென்மார்க்கில் 2002-ஆம் ஆண்டு முதல் இதயத்தைச் சோதித்த பின்னரே அவ்வின நாய்களை இனப்பெருக்கத்துக்கு விடும் முறை கட்டாயமாக்கப்பட்டது. அதன் பயனாக நோய் குறைந்தது என்று 2016-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறிற்று.

இரண்டு கணக்குகள்

அதே 2016-ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வும் வெளிவந்தது. வால்வு நோயால் இதயம் பெருத்தும் இன்னும் துன்பம் தோன்றாத 360 நாய்கள் 11 நாடுகளில் அதில் சேர்க்கப்பட்டன. ஒரு பிரிவுக்குப் பிமோபெண்டான் என்னும் மருந்தும், மற்றதற்கு மருந்தில்லா மாத்திரையும் தரப்பட்டன. இதயம் தளர்ந்து துன்பம் தோன்றும் வரையிலோ இதய நோயால் இறக்கும் வரையிலோ கழிந்த இடைநிலைக் காலம் முதற்பிரிவில் 1,228 நாட்கள். மற்றதில் 766 நாட்கள். ஏறத்தாழ 15 மாத நல்வாழ்வு கூடிற்று. அந்நாய்கள் கட்டிக் கிடத்தப்பட்டவை அல்ல. தத்தம் வீட்டில் வளர்ந்தவை. வளர்த்தவரின் இசைவோடு ஆய்வில் சேர்ந்தவை.

ஹேல்ஸின் நூலில் எழுதப்பட்டது குருதி ஏறிய உயரம். இவ்வாய்வில் எழுதப்பட்டது நாய் நலமாக வாழ்ந்த நாட்கள். இவ்விரு கணக்குகளுக்கும் இடையே 283 ஆண்டுகள் கழிந்தன. கற்ற கடனை மருத்துவர்கள் இவ்வாறு தீர்த்து வருகின்றனர். தீனியைத் தேர்பவரும், நாய்க்குட்டியை விலை பேசும்போது அதன் தாய் தந்தையரின் இதயம் சோதிக்கப்பட்டதா என்று கேட்பவரும் தீர்க்கவேண்டிய பங்கு அவரவர் வீட்டு வாசலிலேயே காத்திருக்கிறது.