அறுப்புக்காலத்துக் கூலிப் பேச்சு

தஞ்சைப் பண்ணைகளில் கூலித் தகராறு பெரும்பாலும் அறுப்பு நேரத்தில்தான் முற்றியது. குறுவை அறுப்பின் பின்னாலேயே ஐப்பசி மழை வந்துவிடும். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் முளைவிடும். ஆள் இறங்காத ஒவ்வொரு நாளும் நிலவுடைமையாளரான மிராசுதாருக்கு நட்டம், அவரிடம் நிரந்தரமாக வேலைசெய்த பண்ணையாளுக்குப் பட்டினி.

1940-களுக்கு முன் பேச்சு என்பதே இல்லை. பண்ணையாளின் குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் சவுக்கடியும், சாணத்தைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும்தான் பதில். 1943-இல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் வந்து விவசாயிகள் சங்கத்தைக் கட்டிய பிறகே நிலைமை மாறியது. 1944-இல் மன்னார்குடியில் மிராசுதார்களும் சங்கத்தாரும் அதிகாரிகள் முன்னிலையில் உட்கார்ந்து பேசி, அவ்விரு தண்டனைகளையும் நிறுத்த ஒப்பினர். கூலி உயர்வைவிட இது பெரிது: அடிக்கப்பட்டவரும் அடித்தவரும் ஒரே இடத்தில் பேச வேண்டியதாயிற்று. கூலியைப் பற்றி 1948-இல் மாயூரம் ஒப்பந்தம் வந்தது.

1952-இல் ராஜாஜி அரசு முதலில் அவசரச் சட்டமாகவும் பின்னர் முழுச் சட்டமாகவும் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேல் நஞ்சை வைத்திருந்தவர்களை அது கட்டுப்படுத்தியது. வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கச் சமரச அதிகாரிகளும் வந்தார்கள். விளைவோ எதிர்பாராதது. பண்ணையாளை வைத்துக்கொள்வதே தொல்லை என்று பல மிராசுதார்கள் தினக்கூலிக்கு மாறினார்கள். நிரந்தர உறவு போனதால், ஒவ்வொரு அறுப்பிலும் கூலியைப் புதிதாகப் பேச வேண்டி வந்தது. உள்ளூரார் கேட்ட கூலியைக் கொடுக்காமல் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கும் வழக்கமும் பெருகியது. 1967-க்குப் பிறகு கீழத்தஞ்சையில் மோதலுக்கு முக்கியக் காரணம் இதுவே.

இத்தகைய கூலித் தகராற்றின் உச்சமாக, 1968 டிசம்பர் 25 இரவு கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் குடிசைக்குள் ஒதுங்கிய, கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இதன் பின் கீழத்தஞ்சைக் கூலிப் பிரச்சினையை ஆராய அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969-இல் வந்த விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம், கீழத்தஞ்சைக்குக் கூலியைச் சட்டத்திலேயே வகுத்தது. 1971-இல் குடியிருப்பு மனைகளைக் குடியிருந்தவர்களுக்கே உரிமையாக்கும் சட்டமும் வந்தது. கூலி கேட்டவரைக் குடிசையிலிருந்து கிளப்பிவிடும் பழைய அதிகாரத்துக்கு இதனால் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று.