புளியரைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

தென்காசியில் லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதிய காலத்தில், லோடு ஏற்றுமுன் ஆர்.சி. புக், பெர்மிட், இன்சூரன்ஸ், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று என நான்கையும் வாங்கிப் பார்த்துவிடுவேன். பதிவும் தகுதிச் சான்றும் 1939 மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருந்தவை. 1988 சட்டம் அவற்றை இன்னும் இறுக்கியது.

செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல் நம் பக்கம் வந்தபின், எல்லை புளியரை தாண்டி மலைக்குள் போனது. கொல்லம் போகும் வண்டிக்கு அங்கே எஸ் வளைவு. குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் அந்த ரோடும் நனைந்தே கிடக்கும். பாரத்தோடு இறங்குகிறவனுக்கு பிரேக்தான் உயிர்; எஃப்.சி.யைப் பார்ப்பது அதற்காகத்தான்.

பழைய ஃபைல்களில் எனக்குப் பிடித்தது, சேசிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சு. எண் மாற்றி வெட்டியிருந்தால் அதில் தெரிந்துவிடும். பிரேக் இன்ஸ்பெக்டர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

இப்போது ‘வாகன்’ தளத்தில் டி.என். 76 வண்டியின் எண்ணைத் தட்டினால் எஃப்.சி. தேதி வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் ஜல்லியும் எம்.சாண்டும் அளவுக்கு மீறி ஏற்றியிருப்பதை அது காட்டாது. அதற்கு எடைமேடைச் சீட்டு வேண்டும். 2019 திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000. அந்தச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.