நைல் கரை மூதுரையும் எபிரேய நீதிமொழியும்

முதியோர் இளையோர்க்கு அறிவு புகட்டும் நூல்கள் பழைய உலகின் பல நாடுகளில் தோன்றின. தந்தை மகனை முன்னிறுத்திப் பேசுதல், பெருங்கருத்தைச் சிறு தொடரில் அடக்குதல், சினம், சொல், செல்வம், நட்பு ஆகியவற்றைப் பொருளாகக் கொள்ளுதல் என்பன அவற்றின் பொது இயல்புகள். இவற்றை ஒருங்குவைத்துப் பார்ப்போர்க்கு வியப்பு எழுவது இயல்பே. ஆயினும் ஒன்றுபோல் தோன்றுவன யாவும் ஒன்றிலிருந்து பிறந்தவை ஆகா. கொள்வினை கொடுப்பினையால் வந்த ஒற்றுமை எது, மக்கள் வாழ்வின் பொதுமையால் வந்த ஒற்றுமை எது எனப் பிரித்தறிதலே ஒப்பியல் ஆராய்ச்சியின் முதற்கடமை. அதற்குத் தக்க சான்றாய் விளங்குவது எகிப்திய அமெனெமோப்பேயின் அறிவுரை நூல்.

மிகப் பழைய குரல்கள்

இவ்வகை நூல்களுள் மிகத் தொன்மையானது சுமேரியரின் ‘சுருப்பாக்கின் அறிவுரை’. இராக்கில் அபு சலாபிக் என்னுமிடத்தில் கிடைத்த அதன் களிமண் பலகைகள் ஏறத்தாழக் கி.மு. 2500ஆம் ஆண்டைச் சார்ந்தவை. ஓயாது கத்தும் கழுதையை வாங்கலாகாது, வழியோரத்தில் வயல் அமைக்கலாகாது, பிறர்க்குப் பிணை நிற்றலாகாது என்று தந்தை மகனுக்கு உரைக்கின்றான். உழவும் கடனும் உள்ள எந்நாட்டிலும் எழக்கூடிய அறிவுரைகள் இவை.

எகிப்தில் ஐந்தாம் அரச மரபின் அமைச்சர் தாகோத்தேப்பின் பெயரால் வழங்கும் நூல் 37 அறிவுரைகளைக் கொண்டது. அதன் முழுப்படி பாரிஸ் நாட்டு நூலகத்தில் ‘பிரிஸ் பாப்பிரசு’ என்னும் பெயரோடு காக்கப்படுகின்றது. கற்றோம் என்று செருக்குறாமல் கல்லாதவரிடமும் கலந்து பேசுக. நல்ல சொல் அருமணியினும் அரிதாயினும் மாவரைக்கும் பணிப்பெண்ணிடமும் அது கிடைத்தல் கூடும் என்பது அந்நூலின் கருத்து.

அமெனெமோப்பேயின் முப்பது இயல்கள்

அமெனெமோப்பே அரசு அலுவல் பார்த்த எழுத்தர். நிலமும் தானியமும் அவர் பொறுப்பில் இருந்தன. தம் இளைய மகனுக்காக அவர் இயற்றியதாக வரும் நூல் கி.மு. 1300க்கும் 1075க்கும் இடைப்பட்ட காலத்தது என்பர். வாலிஸ் பட்ஜ் என்பார் 1888இல் அதன் பாப்பிரசுச் சுருளைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்காகப் பெற்றார். 1923இல் அதனைப் பதிப்பித்தார். நூல் முப்பது இயல்களாக எண்ணிடப்பட்டுள்ளது. சினத்தால் கொதிப்பவனுக்கும் அமைதியுடையவனுக்கும் உள்ள வேறுபாடே அதன் உயிர்நாடி. குருடரை நகைத்தலும் குறளரை எள்ளுதலும் கூடா என்றும் அது கடிந்துரைக்கின்றது.

அடுத்த ஆண்டே, அதாவது 1924இல், செருமானிய அறிஞர் அடோல்ப் எர்மன் ஓர் உண்மையை வெளியிட்டார். விவிலியத்தின் நீதிமொழிகள் நூலில், 22ஆம் அதிகாரம் 17ஆம் வசனம் முதல் 23ஆம் அதிகாரம் 11ஆம் வசனம் வரையுள்ள பகுதி எகிப்திய நூலோடு நெருங்கிய உறவுடையது என்பதே அது. செவி சாய்த்துக் கேள் என்னும் தொடக்கம், ஏழையைக் கொள்ளையிடாமை, சினமுடையானோடு நட்புக் கொள்ளாமை, எல்லைக்கல்லைப் பெயர்க்காமை, பெரியோர் முன் உண்ணும் முறை ஆகியன 24 வசனங்களுக்குள் செறிந்து நிற்கின்றன.

இவற்றினும் வலிய சான்று ஒரு சொல்லில் உள்ளது. 22ஆம் அதிகாரத்தின் 20ஆம் வசனத்தில் வரும் ஓர் எபிரேயச் சொல்லுக்கு ‘முந்தாநாள்’ என்றும் ‘சிறந்தவை’ என்றும் பலவாறு பொருள் கூறிவந்தனர், ஒன்றும் பொருந்தவில்லை. அதனை ‘முப்பது’ எனப் படித்தால் எகிப்திய நூலின் முப்பது இயல்களோடு பொருள் இயைகின்றது. 1952இல் வந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு அவ்வாறே மொழிபெயர்த்தது.

கடனும் ஆக்கமும்

கொண்டவர் அப்படியே கொள்ளவில்லை. தீய வழியில் வந்த செல்வம் வாத்துக்களைப்போல் சிறகு பெற்றுப் பறந்துவிடும் என்கின்றது எகிப்திய நூல். நீதிமொழியில் வாத்து கழுகாயிற்று. எல்லைக்கல்லைப் பெயர்த்தவனை எகிப்தில் திங்கட்கடவுளின் ஆற்றல் பற்றும். எபிரேய நூலிலோ திக்கற்றோர்க்காக வல்லமை மிக்க மீட்பர் வழக்காடுவார். கருத்து வந்தது; சமயமும் உவமையும் அந்நாட்டினவாயின.

திரேத்தோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1950களில் இதனை மறுத்து, எகிப்திய நூலே எபிரேயத்திலிருந்து பெயர்க்கப்பட்டது என்றார். ரொனால்ட் வில்லியம்ஸ் 1961இல் எகிப்திய மொழிநடையைக் காட்டி அக்கொள்கையை மறுத்தார். உறவின் அளவு பற்றிக் கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. எனினும் வந்த வழி தெளிவானது. கானான் நாடு நெடுங்காலம் எகிப்தின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. பிற்கால யூத எழுத்தரும் எகிப்திய எண்குறிகளைத் தம் கணக்குகளில் வழங்கினர். எண்ணைக் கற்ற கை எழுத்தையும் கற்றிருத்தல் இயலும்.

அசீரிய அரசவை அமைச்சர் அகிகாரின் கதையும் மொழிகளும் இவ்வாறே பயணம் செய்தன. எகிப்தின் தென்கோடியிலுள்ள எலிபண்டைன் தீவில், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் அரமேயப் படி 1906-07இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. சுங்கக் கணக்கை அழித்துவிட்டு அந்தத் தாளின்மேல் அதனை எழுதியிருந்தனர்! பின்னர்ச் சிரியாக், அரபு, ஆர்மீனியம் முதலிய மொழிகளிலும் அது பரவியது.

தமிழாசிரியர்க்கு ஒரு பாடம்

எவர் வாய்க் கேட்பினும் மெய்ப்பொருள் காணுதலே அறிவு என்பது திருக்குறள் அறிவுடைமை அதிகாரத்தின் கருத்து. தாகோத்தேப்பின் பணிப்பெண்ணை இது நினைவூட்டாமல் இராது. செங்கடல் துறைகளாகிய குசைர் அல்-காதிமிலும் பெரனீக்கேயிலும் தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. வாணிகத் தொடர்பு உண்மையே. ஆனால் அவை கிறித்து பிறந்ததையொட்டிய நூற்றாண்டுகளின. தாகோத்தேப்பின் படியோ அவற்றிற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு முற்பட்டது. மிளகு சென்ற வழியில் நூல் வந்தது என்று காட்டச் சான்று வேண்டும். அமெனெமோப்பேயில் உள்ளதுபோன்ற எண்ணொற்றுமையோ, தொடர்ச்சியான பொருளொற்றுமையோ இங்கில்லை. எனவே குறள் எகிப்திலிருந்து வந்தது என்றலும், எகிப்து குறளிலிருந்து கற்றது என்றலும் ஆராய்ச்சி ஆகா.

அவ்வாறு கூறாமையால் குறளின் பெருமை குன்றாது. ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டுச் சான்றோர் ஒரே மெய்ம்மையைத் தத்தம் வாழ்விலிருந்து கண்டனர் எனின், அம்மெய்ம்மைக்கு இரு சாட்சிகள் கிடைத்தன என்பதே பொருள். கடன் பெற்ற இடத்தில் கடனை ஒப்புக்கொள்ளுதலும், கடனில்லாத இடத்தில் அதனைக் கற்பியாமையும் நூலறிவின் நேர்மை. எல்லைக்கல்லைப் பெயர்க்காதே என்று நைல் கரை எழுத்தர் மகனுக்குச் சொன்ன அறிவுரை, பழம்பெருமை பேசுவோர்க்கும் பொருந்தும்.