ஸ்கந்தபுரமும் மின்சாரமும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் மின்சார வரலாற்றை எழுதப் புகுவோர் லக்சபானாவிலிருந்து தொடங்குவதே வழக்கம். அதற்குத் தக்க காரணமும் உண்டு. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் எனப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். 1924 இல் தொடங்கிய வேலை இடைநடுவே நின்றது. 1950 இலேயே 25 மெகாவாற்று வலுவுடன் அதன் முதற்கட்டம் இயங்கலாயிற்று. ஆயின் இவ்வரலாற்றைக் கிளிநொச்சிக்குத் தென்மேற்கே, அக்கராயன்குளத்தை அண்டிய ஸ்கந்தபுரத்திலிருந்து நோக்குவோமாயின் வேறொரு தோற்றம் புலனாகும். மின்சாரம் எதிலிருந்து பிறக்கின்றது என்பதைக் காட்டிலும், அது எந்த வழியாக வந்து சேர்கின்றது என்பதே அங்கு வாழ்ந்தோரின் இரவுகளைத் தீர்மானித்தது.

வன்னியில் குளங்களுக்குக் குறைவில்லை. எனினும் நீர்மின்னுக்கு நீர் மட்டும் போதாது. அது உயரத்திலிருந்து விழுதல் வேண்டும். கெசல்கமுவ ஓயா மலையிலிருந்து இறங்கும் விசை சுழலியைச் சுழற்றுகின்றது. அக்கராயன்குளத்து நீரோ சமதரையில் மெல்லப் பாய்ந்து நெல்லை விளைவிக்கும், சுழலியைச் சுழற்றாது. ஆகவே வடபகுதிக்கு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, எண்ணெயை எரிப்பது. சுன்னாகத்து மின்நிலையம் அவ்வாறே டீசல் இயந்திரங்களால் இயங்கியது. மற்றையது, தெற்கின் மின்சாரத்தை 132 கிலோவோற்றுக் கம்பிவழியே அநுராதபுரத்திலிருந்து வன்னியூடாகக் கொண்டுவருவது. உயர் அழுத்தக் கம்பி தலைக்குமேற் செல்வதனால் மட்டும் கீழேயுள்ள குடிசைக்கு ஒளி கிட்டிவிடாது என்பதையும் இங்கு குறித்தல் தகும். அழுத்தத்தைக் குறைத்துப் பகிர்ந்தளிக்கும் நிலையங்கள் இல்லாதவிடத்து அக்கம்பி வழிப்போக்கன் போன்றதே.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் அவ்வழியும் அறுந்தது. எரிபொருளுக்கும் உலர் மின்கலங்களுக்கும் தடை வந்தது. 1996 இல் கிளிநொச்சி நகரம் போர்க்களமானபோது, இடம்பெயர்ந்த பெருந்தொகையான மக்கள் ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் வந்து குவிந்தனர். அதே ஆண்டில் மலைநாட்டில் மழை பொய்த்தமையால் நீர்த்தேக்கங்கள் வற்றின; பெரும்பாலும் நீர்மின்னையே நம்பியிருந்த தென்னிலங்கை, நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டுக்கு ஆளானது. அம்மின்வெட்டு நாட்டின் பெரும் நெருக்கடியாகப் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதுந்தான். ஆனால் ஆறு ஆண்டுகளாக வெட்டுவதற்கே மின்சாரமில்லாதிருந்த ஊர்கள் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

அந்நாட்களில் வன்னிக்கென ஒரு மின்நிலையம் இருந்ததென்றால் அது துவிச்சக்கர வண்டியின் தைனமோவே. வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற, மற்றவர்கள் வானொலிச் செய்தியைக் கேட்டனர். தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இருவாயிகளை இணைத்து அதனை மாற்றும் நுட்பத்தைப் பாடப்புத்தகத்தில் படித்த மாணவன் வீட்டிலே செய்து பார்த்தான். கருதிப் பார்க்குமிடத்து, இதற்கும் லக்சபானாவுக்கும் தத்துவத்தில் வேறுபாடில்லை. 1831 இல் மைக்கேல் பரடே கண்டறிந்தவாறு, காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று சார்ந்து அசைய மின்சாரம் பிறக்கின்றது. அசைப்பது நீராகலாம், நிலக்கரியின் நீராவியாகலாம், காற்றாகலாம், களைத்துப்போன ஒரு கையுமாகலாம். வேறுபாடு அளவில் உள்ளது. தைனமோ தருவது ஏறத்தாழ 3 வாற்று; லக்சபானாவின் முதற்கட்டத்துக்கு ஈடாக 80 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வேண்டும். வெளிச்சத்துக்கு அதுவும் போதாமையின், ஜாம் போத்தலில் பஞ்சை இட்டு, அது நனையுமளவு மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரி கொளுத்தினர். அவ்வெளிச்சத்திற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தோர் பலர்.

2002 இல் போர்நிறுத்தம் வந்து தடைகள் தளர்ந்தன. மின்பிறப்பாக்கிகளின் ஒலி கேட்கலாயிற்று. 2008 இன் பிற்பகுதியில் ஸ்கந்தபுரத்து மக்கள் மீண்டும் இடம்பெயர்ந்தனர். போர் முடிந்தபின் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து சுன்னாகத்துக்கும் கம்பிகள் புதிதாக அமைந்தன; 2013 இல் குடாநாடு தேசிய மின்வலையமைப்போடு மீள இணைந்தது. அதற்குள் அவ்வலையமைப்பே மாறியிருந்தது. 2011 இல் தொடங்கிய நுரைச்சோலை நிலக்கரி நிலையம் மூன்று கட்டங்களில் 900 மெகாவாற்றாக வளர்ந்தது. சுன்னாகத்திலோ எண்ணெய் வேறொரு கடனை விட்டுச்சென்றது. கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் அங்கு இயங்கிய தனியார் மின்நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. ஆறில்லாக் குடாநாட்டுக்குக் கிணறே உயிர் என்பதை அறிந்தோர்க்கு அத்தொகையின் சிறுமை விளங்கும்.

வன்னிக்கு உரிய வலுமூலம் மலையிலிருந்து வருவதுமன்று, கப்பலில் வருவதுமன்று. தென்மேற்குப் பருவத்தில், வைகாசி முதல் புரட்டாதி வரை, மன்னார் பூநகரிக் கரைகளைக் காற்று ஓயாது வீசிக் கடக்கும். வறண்ட வானத்து வெயிலைச் சொல்லவேண்டியதில்லை. பளைப் பகுதியில் 2014 இன் இறுதியில் தலா 10 மெகாவாற்றுக் காற்றாலைத் தொகுதிகள் இரண்டு இயங்கத் தொடங்கின. மன்னாரில் 2020 திசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி 30 காற்றாடிகளுடன் 103.5 மெகாவாற்று வலுவினது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக்குத் திட்டமிட்டிருந்த அதானி நிறுவனம், விலை குறித்த இழுபறியாலும், மன்னாரில் பறவைகளின் வலசைப்பாதை குறித்து எழுந்த வழக்குகளாலும் காலம் கடந்தபின், 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. பூநகரிக் காற்றுக்கு எத்தனை ரூபாய் என்ற பேரம் கொழும்பிலேயே நடந்தது.