தமிழே தெரியாது... ஆனா எம்.ஜி.ஆரோட முதல் பட டைரக்டர்!

எல்லிஸ் ஆர். டங்கன். 1909-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். 1935-ல் இந்தியா வந்தார். தமிழ் தெரியாது, ஆனா அடுத்த வருஷமே 'சதி லீலாவதி'யை இயக்கிட்டார். எம்.ஜி.ஆரின் முதல் படம் அதுதான்!

அப்புறம் எல்லாமே வெரைட்டி. காதலுக்கு 'அம்பிகாபதி' (1937), புராணத்துக்கு 'சகுந்தலை' (1940), பக்திக்கு 'மீரா' (1945), கருணாநிதி வசனத்தில் அனல் பறந்த 'மந்திரி குமாரி' (1950).

மொழி புரியலைன்னா என்ன, முகம் புரியுமே! 'மீரா'வுக்காக எம்.எஸ்.சுப்புலட்சுமியின் மார்பளவு சிலையைச் செய்யவெச்சு, எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழுந்தா அழகுன்னு முதல்ல அதுலதான் சோதிச்சுப் பார்த்தார்.

1950-ல் அமெரிக்கா திரும்பி, டாக்குமென்ட்ரிகள் எடுத்தார். 2001-ல் மறைந்தார். 'மீரா' பார்க்கும்போது அந்த முகத்து வெளிச்சத்தைக் கவனிங்க... அதுதான் டங்கன் பேசிய தமிழ்!