அசையாத பிரபஞ்சம்: ஒரு சொல் தந்த குழப்பம்

1917-இல் ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியல் சமன்பாடுகளை மொத்தப் பிரபஞ்சத்துக்கும் போட்டுப் பார்த்தார். பிரபஞ்சம் மாறாமல் இருக்கணும் என்பதற்காகவே அண்டவியல் மாறிலி என்ற ஒன்றைச் சேர்த்தார். அதே வருஷம் ஹாலந்தில் வில்லெம் டி சிட்டர் பொருளே இல்லாத இன்னொரு தீர்வைக் கண்டார். அவர் எழுதிய ஒரு வடிவத்தில் எந்த உறுப்பிலும் நேரம் இல்லை. சரி, இதுவும் 'ஸ்டாட்டிக்' தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனா அதுக்குள்ள ரெண்டு துகளைத் தள்ளித்தள்ளி வைத்தால், ஒன்றை விட்டு ஒன்று விலகி ஓடுது! அசையாத உலகத்தில் இது எப்படி?

இங்கேதான் சொல்லைச் சரியாகப் பிடிக்கணும். ஸ்டாட்டிக் என்றால் உள்ளே எதுவும் நகராது என்று அர்த்தமில்லை. 1916-இல் ஷ்வார்ட்ஸ்சைல்டு தந்த ஸ்டாட்டிக் தீர்வில்தான் புதன் கோளின் பாதையையே கணக்கிடுகிறோம். காலவெளியின் வடிவம்தான் மாறக்கூடாது. அதற்கு இரண்டு நிபந்தனைகள். காலத்தில் முன்னே பின்னே நகர்த்தினாலும் வடிவம் அதேதான். காலத்தைத் திருப்பி ஓட்டினாலும் அதேதான். முதலாவது மட்டும் பொருந்தினால் அது 'ஸ்டேஷனரி'. 1963-இல் ராய் கெர் கண்ட சுழலும் கருந்துளை அப்படி: என்றும் ஒரே மாதிரி சுழலும், ஆனா திருப்பி ஓட்டினா எதிர்த்திசையில் சுழலும்.

டி சிட்டர் விஷயத்துக்கு வருவோம். 1925-இல் பெல்ஜியப் பாதிரியார் லெமேத்தர் அதே காலவெளியை வேறு ஆயங்களில் எழுதினார். இப்போ தூரங்கள் நேரத்தோடு விரிந்தன. ரெண்டும் ஒரே காலவெளி. எழுதிய விதம்தான் வேறு. பழைய வடிவம் பார்வையாளரைச் சுற்றி ஒரு தொடுவானம் வரைக்கும்தான் செல்லும். அதைத் தாண்டினால் அந்த 'கால நகர்வு' வெளியில் நகர்வதாக மாறிவிடும். ஆக, அது ஒரு பகுதிக்கு மட்டும் ஸ்டாட்டிக், முழுசுக்கும் இல்லை.

ஐன்ஸ்டைனுடையதோ நிஜமாகவே முழுசும் ஸ்டாட்டிக். ஆனால் 1930-இல் எடிங்டன் அது நிலைக்காது என்று காட்டினார்: லேசாகத் தட்டினாலும் விரியும், இல்லை சுருங்கும். அதற்கு முந்தைய வருஷமே ஹபிள் விண்மீன் மண்டலங்கள் விலகுவதற்கான கணக்கை வெளியிட்டிருந்தார். 1931-இல் ஐன்ஸ்டைனும் தன் பிரபஞ்சத்தைக் கைவிட்டார்.

அதனால ஒரு சமன்பாட்டில் நேரம் தென்படவில்லை என்பதை மட்டும் வைத்து ஸ்டாட்டிக் என்று முடிவு கட்டாதீங்க. எந்தப் பகுதியில், எந்தக் காலத் திசையில் என்று கேளுங்க.