ஒரே சைஸ் டயர்தான்... ஆனா 230 கிலோ வித்தியாசம்! வேன், கேரவனுக்கு டயர் மாத்தும் முன் என்ன பார்க்கணும்?

ஓசூரில் காலைக் குளிரில் கிளம்பும் வேன், சூளகிரி இறக்கத்தைத் தாண்டி கிருஷ்ணகிரி வந்து சேரும்போது வெயில் சுள்ளென்று அடிக்கும். ஏறத்தாழ 50 கி.மீ. தூரத்தில் சாலை சில நூறு மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. முழு லோடு, வேகம், சூடு. பழைய டயரோ, தப்பான டயரோ கைவிடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

இந்த ரோட்டில் ஒரே வகை டெம்போ டிராவலர் வேன் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, ஓசூர் சிப்காட், போச்சம்பள்ளி பக்கம் உள்ள தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் ஷிப்டாக ஆள் ஏற்றும் ஸ்டாப் வேன். இன்னொன்று கேரவன். சினிமா நட்சத்திரங்களின் கேரவன் மட்டும் இல்லை. கட்டில், சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்து, பெங்களூருவில் இருந்து குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குள் வரும் சுற்றுலா கேரவனும்தான். ஸ்டாப் வேனில் டயர் தேய்ந்து போகும். கேரவனில் தேயாமலேயே வயதாகிப் போகும். இரண்டாவதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

சைஸ் மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். உதாரணத்துக்கு 215/75 ஆர்15 என்ற சைஸை எடுத்துக்கொள்வோம். பொலேரோ மாதிரியான ஜீப் வகை வண்டிக்கும் இந்த சைஸில் டயர் வருகிறது. வேன், சின்ன சரக்கு வண்டிக்கான 'எல்டி' ரகத்திலும் வருகிறது. ரிம்மில் இரண்டும் உட்காரும். ஆனால் தாங்கும் எடை வேறு.

சைஸுக்குப் பக்கத்தில் இரண்டு அல்லது மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அதுதான் லோடு இண்டெக்ஸ். 100 என்று இருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 109 என்றால் 1,030 கிலோ. ஒரு டயருக்கு 230 கிலோ வித்தியாசம், நாலு டயருக்கு 920 கிலோ! 109/107 என்று இரண்டு எண் இருந்தால், முதல் எண் ஒற்றை டயராக ஓடும்போது. இரண்டாவது, பின்னால் ஜோடியாக ஓடும்போது. அப்போது ஒரு டயருக்கு 975 கிலோதான் கணக்கு. வண்டியோடு வந்த டயரில் இருக்கும் எண்ணுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. "விலை கம்மி சார், சைஸ் அதேதான்" என்று யாராவது சொன்னால், முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

கேரவன்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஸ்டாப் வேனில் ஆட்கள் இறங்கிவிட்டால் பாரம் குறைந்துவிடும். கேரவனில் கட்டில், ஏசி, பேட்டரி எல்லாம் நிரந்தர பாரம். 200 லிட்டர் தண்ணீர் டேங்க்கை நிரப்பினாலே 200 கிலோ கூடுகிறது. பொருட்களை ஒரே பக்கமாக அடுக்கியிருந்தால் அந்தப் பக்கத்து டயர் தனியாகக் கஷ்டப்படும். மாம்பழ லோடும் கிரானைட் லோடும் ஓடும் மாவட்டம் இது, எடை மேடைக்குப் பஞ்சமில்லை. தண்ணீர், சாமான், ஆட்களோடு வண்டியை ஏற்றி, முன் சக்கரம் தனியாக, பின் சக்கரம் தனியாக எடை போட்டுப் பார்த்துவிட்டு டயர் கடைக்குப் போகலாம்.

டயருக்கு வயசு எப்படித் தெரியும்?

டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. கடைக்காரர் 'புது டயர்' என்று கொடுப்பது குடோனில் மூணு வருஷம் கிடந்ததாகவும் இருக்கலாம். பில் போடும் முன்பே இந்த எண்ணைப் பார்க்க வேண்டும், டயரை மாட்டிய பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

ஐந்து வருஷம் ஓடிய டயரை அதன்பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது நிபுணரிடம் காட்டுங்கள், தயாராகி பத்து வருஷம் ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள் என்பது மிச்செலின் நிறுவனம் சொல்லும் கணக்கு. மாசத்தில் ரெண்டு நாள் மட்டும் ஓடி, மீதி நாள் வெயிலில் நிற்கும் கேரவனில் பட்டன் புதுசாகத்தான் தெரியும். பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். ஸ்டாப் வேனுக்கு இந்தத் தலைவலி குறைவு. பட்டனுக்கு நடுவில் இருக்கும் 1.6 மி.மீ. தேய்மானக் கட்டையின் மட்டத்துக்கு ரப்பர் வந்துவிட்டால் டயர் முடிந்தது, அவ்வளவுதான்.

ரீபட்டன் போடலாமா?

நல்ல நிலையில் உள்ள டயரை முறையான பட்டறையில் ரீட்ரேட் செய்து பின்னால் ஓட்டுவது லாரிக்காரர்களிடம் சாதாரணம். ஆள் ஏற்றும் வேனில் முன் சக்கரத்துக்கு அது வேண்டாம். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் போடுவதும் கூடாது. பின்னால் ஜோடி டயர் உள்ள வண்டியில் தேய்ந்ததையும் புதுசையும் சேர்த்து மாட்டினால், உயரமான புது டயர்தான் அதிக பாரத்தைச் சுமக்கும். குவாரிப் பக்கம் போய் வந்தால் ஜோடிக்கு நடுவே ஜல்லி சிக்கியிருக்கிறதா என்றும் குனிந்து பார்க்கணும்.

காத்து எவ்வளவு?

வண்டிக்கான கையேட்டிலோ கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும் அளவுதான், கிளம்பும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போது. 60 காத்து வைத்த டயர் 10 டிகிரி சூடானால் 2, 3 காத்து தானாக ஏறும். கிருஷ்ணகிரி டோல்கேட் பக்கம் நிறுத்தி, "கூடிடுச்சே" என்று இறக்கிவிட்டால், ஆறியபின் டயர் காத்து கம்மியாகத்தான் நிற்கும். அந்தக் கம்மிக் காத்தில் ஓடும்போது பக்கவாட்டுச் சுவர் மடிந்து மடிந்து இன்னும் சூடாகும். டயர் வெடிக்க அது போதும்.

அத்திப்பள்ளி தாண்டி வாங்கினால் லாபமா?

டீசலுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விலை வேறு. டயருக்கு அப்படி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது ஓசூரிலும் பெங்களூருவிலும் ஒன்றுதான். வித்தியாசம் இருந்தால் அது கடைக்காரரின் லாபத்தில் மட்டும். எங்கே வாங்கினாலும் டயரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும், பில்லில் டயரின் சீரியல் எண் ஏற வேண்டும். அந்த எண் இல்லாத பில்லை வைத்துக்கொண்டு வாரண்டி கேட்டுப் போனால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.